குழியில் என்ன பயம்?

கேள்வி: உயரத்தில் வேலை செய்பவருக்கு பெல்ட் வேண்டும், சரி. ஆறடி அஸ்திவாரக் குழியில் இறங்குபவருக்கு என்ன ஆபத்து?

பதில்: சைட்டில் அதிக உயிர் போவது மேலிருந்து விழுந்துதான். ஆனாலும் சைட் இன்ஜினீயரான எனக்குக் குழியைக் கண்டால்தான் கூடுதல் பயம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் கனக்கும். குழியின் பக்கச்சுவர் சரிந்து மார்பு வரை மூடினாலே போதும், தலை வெளியே இருந்தும் மூச்சுவிட முடியாது. தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிப்பார்கள் (சோம்பல், வேறென்ன?). அந்தப் பாரமே பக்கச்சுவரைத் தள்ளிவிடும். மழைக்கு அப்புறம் இன்னும் மோசம். மண்ணை இரண்டடியாவது தள்ளிப் போடுங்கள். ஐந்தடியைத் தாண்டினால் பலகை வைத்து முட்டுக் கொடுங்கள், அல்லது சரிவாக வெட்டுங்கள். ஏணி குழிக்குள்ளேயே இருக்கட்டும். விளிம்பில் புதிதாக வெடிப்பு தெரிந்தால் நான் ஆளை இறக்கமாட்டேன், மேஸ்திரி முறைத்தாலும் சரி.