பாட்டு பிழைக்கும், எழுதியவர்?

கேள்வி: அயர்லாந்துப் பாடலாசிரியரும் ஓவியருமான பெர்சி ஃபிரெஞ்ச் இறந்து நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. பாட்டு நன்றாக இருந்தால் தானே பிழைத்துக்கொள்ளும். அவருக்குச் சங்கம், விழா, அருங்காட்சியகம் எல்லாம் எதற்கு? ஐரிஷ் கிராமத்து மக்களைக் கேலிப்பொருளாக்கியவர் என்றும் சொல்கிறார்களே?

பதில்: பாட்டு பிழைத்துக்கொள்ளும். எழுதியவர் பிழைக்க மாட்டார். இதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. 1877இல், டப்ளின் டிரினிட்டி கல்லூரி மாணவராக இருந்தபோது, ஒரு துருக்கியனும் ஒரு ரஷ்யனும் வீராப்பில் மோதிக்கொள்ளும் 'அப்துல் அபுல்புல் அமீர்' பாட்டை எழுதினார். காப்புரிமை வாங்கத் தவறினார். கண்டவர்களும் அச்சடித்து விற்றார்கள். பாட்டு கடல் கடந்தது. எழுதியவர் கைக்குக் காசும் வரவில்லை, அவர் பெயரும் கூடப் போகவில்லை. அதை யாரோ எழுதிய பழைய பாட்டு என்று நினைத்துப் பாடியவர்கள் ஏராளம். நீங்கள் சொல்லும் 'தானே பிழைப்பது' இப்படித்தான் நடக்கிறது.

அடுத்து, அவர் ஓவியரும்கூட என்று நீங்களே எழுதிவிட்டு அதை மறந்துவிட்டீர்கள். பாட்டை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய் வாங்கிக்கொள்ளும். ஓவியத்துக்கு அந்த வசதி கிடையாது. சிவில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு கேவன் மாவட்டத்தில் வடிகால் ஆய்வாளராக அலைந்தவர் அவர். சதுப்பு நிலத்தில் தேங்கிய நீரும், மழை விட்ட வானமும், அந்தி வெளிச்சமும் அவருடைய நீர்வண்ணத் தாள்களில் இருப்பது அந்த மண்ணில் நடந்து திரிந்த கண் கண்டவை. அந்தத் தாளை வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் போய்விடும். யாராவது எடுத்துப் பாதுகாத்தே தீரவேண்டும். 1920 ஜனவரியில் இங்கிலாந்தின் ஃபார்ம்பியில் அவர் இறந்தார். அவருடைய பல பாடல்களுக்கு இசையமைத்த நண்பர் ஹூஸ்டன் காலிசன் அடுத்த வாரமே போய்விட்டார். பெர்சி ஃபிரெஞ்சின் எழுத்துகளைத் தொகுத்து 1922இல் நூலாக்கியவர் அவருடைய சகோதரி. இன்று வட அயர்லாந்தின் பாங்கர் நகர அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது. வீட்டாரும் ஆர்வலர்களும் விடாமல் செய்த வேலை இது. கேவன் மாவட்டத்துப் பாலிஜேம்ஸ்டஃப் ஊர் நடுவே அவரை வெண்கலத்தில் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சிலையா, தொகுப்பா என்றால் நான் தொகுப்புக்குத்தான் பணம் கொடுப்பேன்.

கேலி என்கிறீர்கள். யாரை? 1896இல் அயர்லாந்தின் மேற்கு கிளேர் ரயில் தாமதமானதால் கில்கீ ஊர்க் கச்சேரிக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியாமல், ரயில் கம்பெனி மேல் வழக்குப் போட்டு 10 பவுண்ட் நஷ்டஈடு வாங்கினார். பிறகு அந்த ரயிலையே பாட்டாக்கினார். அடி வாங்கியது கம்பெனி. அந்தத் தடம் 1961இல் மூடப்பட்ட பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாடகமேடைப் பாட்டுகளில் கிராமத்தான் வேடிக்கைப் பொருளாக வருவது உண்மை; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய 'மோர்ன் மலைகள்' பாட்டைப் பொறுமையாகக் கேளுங்கள். லண்டனுக்குப் பிழைக்கப் போன ஒரு கூலிக்காரன் ஊரிலிருக்கும் மேரிக்குக் கடிதம் எழுதுகிறான். தெருவில் தங்கம் தோண்டுவதாகச் சொன்னார்களே என்கிறான், பெரிய இடத்துப் பெண்களின் உடையைப் பார்த்துத் திகைக்கிறான். அந்த வெகுளிப் பேச்சில் சிரிப்புக்கு இடமாவது லண்டன் மாநகரம்தான், அவனல்ல.