மருத்துவர் பதில்: நெஞ்சு இறுக்கத்துக்குக் கட்டார் குளிசையா?

கட்டாரிலிருந்து மருமகன் அனுப்பிய குளிசைப் போத்தலைப் பற்றியும், அதைப் புகழ்ந்த காணொளியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி: கல்லடிப் பாலத்தில் பாதி தூரம் நடந்ததும் நெஞ்சு இறுகுகிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் விட்டுவிடுகிறது. அதை வயது போன களைப்பு என்று நீங்களே தீர்மானித்து, அதற்கு மருந்தும் தேடிக்கொண்டீர்கள்.

உங்களுக்கு வயது 54, நீண்டகாலச் சீனி வருத்தம் வேறு. நடந்தால் வந்து, நின்றால் போகும் இறுக்கம் இதயத்தின் இரத்தக்குழாய் ஒடுங்கியதால் வரக்கூடியது. இல்லை என்று சோதித்துச் சொல்லும்வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். ஓய்வில் அது சரியாகவே இருக்கக்கூடும். "நடந்தால் இறுகுகிறது" என்பதை வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அதுவரை வேக நடை வேண்டாம். சும்மா இருக்கும்போது இறுக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் விடாமல் வியர்த்துக் கொட்டினாலோ, மகனின் மோட்டார் சைக்கிளில் ஏறாமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இனி அந்தப் போத்தல். கார்டரின் என்று எழுதியிருக்கிறதாம். இந்த மருந்து கொடுத்த எலிகள் கூடுதல் நேரம் ஓடின என்று காணொளிக்காரர் சொன்ன கதை பொய்யில்லை. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெறாத எலிகள் சுமார் 160 நிமிடங்கள் ஓடின. எட்டு வாரம் மருந்து பெற்றவை 270 நிமிடங்கள் ஓடின. தசை சர்க்கரையைச் சேமித்து வைத்துக் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, அவ்வளவுதான். அடைபட்ட குழாய் அதனால் திறந்துவிடாது. காணொளியில் சொல்லாமல் விட்ட பகுதியையும் கேளுங்கள்: விலங்குகளுக்கு நெடுங்காலம் கொடுத்தபோது பல உறுப்புகளில் கட்டிகள் வந்ததால், மருந்தை உருவாக்கிய கம்பனியே 2007இல் அதைக் கைவிட்டது. 2013இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, களவாக ஊக்கமருந்து போடும் விளையாட்டு வீரர்களைக்கூட இதைத் தொடாதீர்கள் என்று எச்சரித்தது. இதெல்லாம் உண்மையான மருந்தைப் பற்றிய பேச்சு. உங்கள் போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று அதை விற்றவனுக்காவது தெரியுமோ என்னவோ.

இரண்டு கிழமை விழுங்கியதற்காகப் புற்றுநோய் என்று தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலோ மட்டும் ஈரல் பரிசோதனைக்கு ஓடிவாருங்கள். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு: இந்தக் குளிசையை நம்பி, சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் தந்த மெட்போமினை ஏன் நிறுத்தினீர்கள்? நாளை போகும்போது முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் கேட்ட முழங்கால் சத்தத்துக்கும் நகத்தின் வெள்ளைப் புள்ளிக்கும் எதுவும் தேவையில்லை. போத்தலை வாவியில் வீசிவிடாமல் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.