கலி முத்திப்போச்சா?

கேள்வி: என் பேத்திக்கு எட்டு வயது. ஆழ்கடல் மீன் ஒன்று கரை ஒதுங்கிவிட்டது, உலகம் அழியப்போகிறது என்று கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூங்க மாட்டேன் என்கிறாள். என்ன சொல்லித் தேற்ற?

பதில்: 'அதெல்லாம் சும்மா, போய்ப் படு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. அவள் பார்த்தது உண்மையான மீன்தான். ஓர்ஃபிஷ் என்று பெயர். வெள்ளி நாடாவை உருவிவிட்டதுபோல் நீள உடம்பு, தலையில் சிவப்புக் கொண்டை. 200 மீட்டருக்குக் கீழே, 1,000 மீட்டர் ஆழம் வரை வாழ்கிறது. நோயுற்றோ அடிபட்டோ சாகக் கிடக்கும்போதுதான் பெரும்பாலும் மேலே வரும். ஜப்பானில் இதைக் கடல் அரண்மனையின் தூதன் என்பார்கள். 2011 நிலநடுக்கத்துக்கு முன்னால் சில மீன்கள் ஒதுங்கியிருந்ததால் பயம் எங்கும் பரவியது. அந்த நாட்டு ஆய்வாளர்களே உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்கள், 221 நிலநடுக்கங்கள். இரண்டையும் ஒப்பிட்டதில் ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. 2019-ல் இந்த ஆய்வு வெளிவந்தது.

பேத்தியிடம் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 'அது சேதி சொல்ல வரலை கண்ணு, உடம்பு சரியில்லாம வந்திருக்கு' என்று சொல்லுங்கள். மீனுக்காக இரண்டு சொட்டு அழுதாலும் தூங்கிவிடுவாள்.

கேள்வி: எதைப் பார்த்தாலும் 'கலி முத்திப்போச்சு' என்கிறார் என் மாமனார். எப்போதுதான் முடியும் இந்தக் கலி?

பதில்: அவர் நம்பும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கலியுகம் 4,32,000 ஆண்டுகள். தொடங்கியது கி.மு. 3102-ல். ஐயாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கிறது. முத்தவில்லை, இப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கிறது.

கேள்வி: 'ரத்த மழை', 'செத்து விழுந்த பறவைகள்' என்று பத்திரிகைகளே மக்களைப் பயமுறுத்தலாமா?

பதில்: கூடாது. செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன். 2011 புத்தாண்டை ஒட்டி ஏஜென்சியிலிருந்து ஒரு படம் வந்தது. அமெரிக்காவின் அர்கான்சாஸ் மாநிலத்தில் பீபி என்ற சிற்றூர். தோளில் சிவப்புத் திட்டுள்ள கருங்குருவிகள் தெருவில் கிடக்கின்றன, ஆயிரக்கணக்கில். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குருவியின் இறக்கை பாதி விரிந்தபடி, கால் விரல்கள் இன்னும் கிளையைப் பிடித்திருப்பதுபோல் மடங்கி இருந்தன. அந்த வாரமே அதே மாநிலத்தில் ஒரு ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. அவ்வளவுதான், 'உலக அழிவின் அறிகுறியா?' என்று தலைப்பு வைத்து முதல் பக்கத்தில் கட்டம் கட்டிவிட்டார்கள்.

சில நாளில் காரணம் வந்தது. புத்தாண்டு இரவில் யாரோ வெடித்த பெரிய வெடிகள். கூட்டமாக அடைந்திருந்த குருவிகள் மிரண்டு பறந்திருக்கின்றன. அவற்றுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. வீட்டுச் சுவரிலும் மரத்திலும் மோதி விழுந்தன. ஆற்றில் செத்தவையோ ஒரே இன மீன்கள். குருவிகளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இதை எட்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். 'பழைய செய்தி' என்று எடுத்துவிட்டார்கள். அந்த எட்டு வரி இன்னும் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பயந்தவர்களுக்கு நாங்கள் பாதிச் செய்தியைத்தான் கொடுத்தோம்.

கேரளத்தில் 2001-ல் பெய்த சிவப்பு மழையும் இப்படித்தான். மரத்திலும் பாறையிலும் படரும் ஒருவகைப் பாசியின் நுண்வித்துகள் மழைநீரில் கலந்திருந்தன. 'ரத்த மழை' நினைவிருக்கிறதல்லவா? பாசி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கேள்வி: முட்டையில் தெய்வ வாக்கு தோன்றியதாக ஒரு படம் சுற்றுகிறதே?

பதில்: 1806-லேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு கோழி 'கிறிஸ்து வருகிறார்' என்று எழுதிய முட்டைகளை இட்டது. ஊரே திரண்டது. முட்டையில் எழுதி, அதைத் திரும்பக் கோழிக்குள்ளேயே திணித்திருக்கிறார்கள். செய்தவளாகச் சொல்லப்படும் மேரி பேட்மன், விஷம் வைத்துக் கொன்ற வழக்கில் 1809-ல் தூக்கிலிடப்பட்டாள். எனக்கு அந்தக் கோழியை நினைத்தால்தான் ஆறவில்லை.

கேள்வி: உங்களுக்குப் பயம் வந்ததே இல்லையா?

பதில்: வந்திருக்கிறது தம்பி. 1979 ஜூலை 11. ஸ்கைலாப் விண்வெளி நிலையம் பூமியில் விழப்போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. இந்தியா முழுக்க அதே பேச்சு. எனக்கு ஒன்பது வயது. அம்மா எங்கள் நாலு பேரையும் ஒரே பாயில் போட்டு, ஆளுக்கொரு கையைக் கோத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மேலே உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நம் நேரப்படி இரவு பத்து மணி வாக்கில் வந்து, இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது.

காலையில் ரேடியோவில் செய்தி கேட்டதும் அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக உட்காரவைத்து, தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பினார்.