மானியம் வந்தால் பாடசாலைக்கு என்ன மிஞ்சும்? வன்னி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நாங்கள் சில பாடசாலைகள் சேர்ந்து கணித, விஞ்ஞான ஆசிரியர் பயிற்சிக்கு மானியம் கேட்க நினைக்கிறோம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பீடம் இல்லையே, யாழ்ப்பாணம்தான் போகவேண்டுமா? (நெடுங்கேணி)

பதில்: பீடம் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். பம்பைமடுவில் அதே பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பாட அறிவுக்கு அது போதும். கற்பிக்கும் முறைக்குப் பூந்தோட்டத்தில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு வித்தைகள், ஒருவரே இரண்டையும் தருவார் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2002இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் இத்தகைய கூட்டுகளுக்கென நிதி ஒதுக்கியபோது, ஆசிரியர் பயிற்சிப் பிரிவு, கலை அல்லது விஞ்ஞானப் பிரிவு, வறுமை மிகுந்த பகுதியின் கல்வி நிர்வாகம் ஆகிய மூன்றும் இருந்தே ஆகவேண்டும் என்றது. எந்த ஒரு பங்காளியும் மானியத்தில் பாதிக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்றும் விதித்தது. 2015இல் வந்த புதிய சட்டம் அந்த நிதியை நீக்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பாதிக் கணக்கை உங்கள் முன்மொழிவில் நீங்களாகவே எழுதிவிடுங்கள். பணம் வந்தபின் பங்கு பேசினால் பாடசாலைக்குப் பதாகைதான் மிஞ்சும்.

கேள்வி: அறிவியல்நகரில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் எனக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் உதவுகிறேன் என்கிறார். அவருடைய கடிதம் போதுமா? (கிளிநொச்சி)

பதில்: போதாது. அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனால் திட்டமும் கூடவே விமானம் ஏறிவிடும். பல்கலைக்கழகத்தின் கையொப்பம் வேண்டும். உங்கள் பக்கத்தில் வலயக் கல்விப் பணிப்பாளரின் சம்மதமும் வேண்டும். ஆசிரியரைப் பாடசாலை நேரத்தில் விடுவிப்பது அதிபர் தனித்து எடுக்கும் முடிவல்ல. கூட்டில் தேசிய பாடசாலை இருந்தால் அது மத்திய அமைச்சின் கீழ் வருவதால் அனுமதியையும் தனியாகப் பெறவேண்டும்.

கேள்வி: பாதீட்டில் எதற்கு முதலிடம்? (புதுக்குடியிருப்பு)

பதில்: செயலமர்வுக்கு அல்ல. என் பார்வைக்கு வரும் பாதீடுகளில் மண்டபம், கோப்புறை, மதிய உணவுப் பொதி, வளவாளர் கொடுப்பனவு என்று முதல் பக்கம் நிரம்பிவிடுகிறது. பயிற்சிக்குப் பிறகு வகுப்பறைக்கு யார் வருவார் என்ற வரியைத்தான் காணமுடிவதில்லை. ஏழாம் தரப் பிள்ளை ½ + ⅓ = ⅖ என்று எழுதுகிறது; மேலுள்ளதை மேலுள்ளதோடும், கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டிவிட்டது. இது வவுனியா மண்டபத்தில் யார் கண்ணிலும் படாது. விரிவுரையாளர் வகுப்பின் கடைசி வாங்கில் நாற்பது நிமிடம் இருந்து, அப்பியாசக் கொப்பியைப் புரட்டி, பாடம் முடிந்ததும் ஆசிரியருடன் அந்த ஒரு கணக்கைப் பற்றி மட்டும் பேசினால் அதுதான் பயிற்சி. அந்த வருகைகளின் பயணச் செலவு, ஆசிரியர் வெளியே போகும் நாளில் அவருடைய வகுப்பைப் பார்ப்பவருக்கான கொடுப்பனவு ஆகிய இரண்டையும் முதலில் எழுதுங்கள். மடிக்கணினி கடைசியில் வரட்டும்.

கேள்வி: சனிக்கிழமைகளில் வைக்கலாமா?

பதில்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கற்பிப்பவர்கள் வெள்ளி பின்னேரமே பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பயிற்சி பெற்றவர் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டால் செலவழித்தது வீண்தானே? (மல்லாவி)

பதில்: போகத்தான் செய்வார், கஷ்டப் பிரதேசத்தில் அது வழமை. இத்தனை வருடம் இங்கேயே இருக்கவேண்டும் என்று கையொப்பம் வாங்க முனையாதீர்கள். இடமாற்றச் சபை அதைக் கணக்கில் எடுக்காது, ஆசிரியருக்கும் மனம் கசக்கும். ஒரு பாடசாலையிலிருந்து ஒருவரை அனுப்பாமல் இருவரை அனுப்புங்கள். திருத்திய பாடத் திட்டங்களும் பிள்ளைகள் விட்ட பிழைகளின் குறிப்பும் அதிபரின் அலுமாரியில் இருக்கட்டும், ஆசிரியரின் பையில் அல்ல. சிறிய பாடசாலையில் இருவரை விடமுடியாது என்றால், அயல் பாடசாலையுடன் சோடி சேருங்கள்.

கேள்வி: பற்றுச்சீட்டு இல்லாத செலவை எப்படிக் காட்டுவது? (ஒட்டுசுட்டான்)

பதில்: உள்வீதிகளில் முச்சக்கரவண்டிக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார் என்பது கொழும்பில் இருக்கும் நிதி வழங்குநருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கணக்காய்வாளர் அதை ஏற்கமாட்டார். அந்தக் காசு அதிபரின் சம்பளத்திலிருந்துதான் போகும்.