நடிகராக இருந்து இயக்குநரானவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

பிரதாப் போத்தன்.

இந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் கிட்டார் வாசிப்பவர்தான் நினைவுக்கு வருவார், இன்னும் சிலர் 'மூடுபனி'யில் அந்தக் கண்களைப் பார்த்துப் பயந்ததைச் சொல்வார்கள். ஆனால் 1985 முதல் 1997 வரை தமிழ், மலையாளம், தெலுங்கு என மூன்று மொழிகளில் 12 படங்களை இயக்கியவர் அவர் என்பது சினிமாவை விடிய விடியப் பேசுகிறவர்களுக்கே சட்டென்று ஞாபகம் வருவதில்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

நான் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேத்திக்காரன். மலை ரயிலில் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் லவ்டேல், அங்கே இருக்கும் லாரன்ஸ் பள்ளியில் படித்தவர் அவர். ஊர்ப் பாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. நீலகிரிக்கு ஷூட்டிங் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பதாவது மைல் என்கிற புல்வெளி மேட்டில் ஒரு பாட்டை எடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். மூடுபனியிலும் (1980), 'பன்னீர் புஷ்பங்கள்' படத்திலும் (1981) ஊட்டி அப்படி வெறும் பின்னணியாக இல்லை, கதையே இங்கே நடக்கிறது. ஒன்றில் பெண்ணைக் கடத்தி வருகிறவர், இன்னொன்றில் பள்ளிப் பிள்ளைகளின் காதலுக்குத் துணை நிற்கும் வாத்தியார். இரண்டிலும் குளிர் பழகிய ஆள் மாதிரியே இருப்பார், இங்கே வளர்ந்தவனுக்கு அது தெரியும்.

சரி, இயக்குநர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தமிழில் இயக்குநர் ஆவதற்கு வழக்கமான வழி, யாரிடமாவது உதவி இயக்குநராகச் சேர்ந்து பல வருஷம் கிளாப் அடித்து மேலே வருவது. இவர் அப்படி வரவில்லை. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம், பம்பாயில் விளம்பரக் கம்பெனியில் எழுத்து வேலை, அப்புறம் 1978இல் மலையாள இயக்குநர் பரதன் மூலமாக நடிப்பு. அடுத்த சில வருஷங்களிலேயே பாலு மகேந்திரா, பாலசந்தர் எல்லோரிடமும் நடித்துவிட்டார். 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் அவருக்குக் கிடைத்த வேடமே ஒரு நாடக இயக்குநர்! கேமராவுக்கு முன்னால் நின்றபடியே தொழிலைக் கற்றுக்கொண்டவர் என்றுதான் நான் நினைக்கிறேன், அதுவும் இப்படிப்பட்டவர்களின் கேமராவுக்கு முன்னால்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1979இல் பரதனின் 'தகரா'வில் மனவளர்ச்சி குன்றிய இளைஞனாக நடித்துப் பெரிய பெயர் வாங்கினார். அடுத்து தானே இயக்கிய முதல் படமான 'மீண்டும் ஒரு காதல் கதை'யில் அதே இடத்துக்குத்தான் திரும்பிப் போகிறார், ஆனால் இந்த முறை அப்படிப்பட்ட இரண்டு பேரின் காதல், ஜோடியாக ராதிகா. அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லாமல், அவர்களுக்கும் ஆசை உண்டு, வெட்கம் உண்டு, பிடிவாதம் உண்டு என்று காட்டியது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. பாட்டு எல்லோருக்கும் தெரியும், 'அதிகாலை நேரமே'. படத்தை முழுசாகப் பார்த்தவர்கள்தான் குறைவு.

விருது வாங்கிய இயக்குநர்கள் பலர் அதே மாதிரிப் படங்களிலேயே நின்றுவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. இவர் அடுத்தடுத்து வேறு வேறு பக்கம் போனார். 1987இல் மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுத்தில் 'ருதுபேதம்'. மறுவருஷம் போர்டிங் ஸ்கூல் காதலை வைத்து 'டெய்சி', போர்டிங் வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர் எடுத்த படம் அது. அதே வருஷம் சத்யராஜை வைத்து 'ஜீவா', 1989இல் கமல், பிரபு இருவரையும் வைத்து 'வெற்றி விழா'. நினைவிழந்த நாயகனின் கதை என்பதைத் தாண்டி அந்தப் படத்தில் எனக்கு முதலில் தோன்றுவது ஜிண்டாவாக வரும் சலீம் கவுஸ். வில்லனுக்கு அவ்வளவு பொறுமையாக நேரம் கொடுத்து, அவன் பேச்சையும் நடையையும் ரசிக்க வைப்பது, நடிகனாக இருந்த ஒருவருக்குக் கைவந்த வித்தை.

'மை டியர் மார்த்தாண்டன்', 'லக்கி மேன்' இரண்டும் எனக்கு ஒட்டவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் அதிகம் வாதாடுவது 1994இல் வந்த 'சீவலப்பேரி பாண்டி'க்காக. லவ்டேலில் இங்கிலீஷ் படிப்பு படித்து, பம்பாயில் விளம்பர வாசகம் எழுதிய ஒரு மலையாளி, திருநெல்வேலிச் சீமையின் ஒரு நிஜ மனிதனின் கதையை எடுக்கிறார், அதில் எந்த இடத்திலும் வெளியூர்க்காரன் பார்வை தெரிவதில்லை. நெப்போலியனை அதுவரை பெரும்பாலும் வில்லனாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த உடம்புக்குள்ளும் குரலுக்குள்ளும் ஒரு கதாநாயகன் இருக்கிறான் என்று இவர் நம்பியது ஒரு நடிகன் இன்னொரு நடிகனைப் பார்த்த பார்வைதான். 1997இல் 'ஒரு யாத்ராமொழி'யில் சிவாஜியையும் மோகன்லாலையும் ஒரே படத்தில் கொண்டுவந்தார், அவர் இயக்கிய கடைசிப் படம் அதுதான்.

டிவியில் அவர் வேலையைத் தெரியாமலே பார்த்திருப்பீர்கள், எம்.ஆர்.எஃப். டயர், நிப்போ என்று விளம்பரப் படங்களும் நிறைய எடுத்தவர். நடிப்பையும் விடவில்லை, 2012இல் '22 ஃபீமேல் கோட்டயம்' மலையாளப் படத்தில் அவர் செய்த வில்லன் வேடத்தைப் பார்த்தால் கோபம் வரும், அவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பார். 2022 ஜூலையில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் கிட்டார் பாட்டுதான் அதிகம் சுற்றியது.

இயக்குநராக அவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் 'மீண்டும் ஒரு காதல் கதை'யைப் பாருங்கள், இடைவெளி விடாமல் அடுத்ததாக 'சீவலப்பேரி பாண்டி'. மலையாளம் புரியும் என்றால் மூன்றாவதாக 'டெய்சி'.