கோடையின் கடைசி வாரங்களில் கேமராவுடன்: தேரி, பனை, உப்பளம்

வைகாசி, ஆனி மாதங்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டச் சிற்றூர்களைப் படமெடுக்கக் கிளம்பும் புகைப்படக் குழு உறுப்பினர்களின் கேள்விகளுக்கு, அப்பகுதியில் நெடுங்காலமாகப் படமெடுத்துவரும் மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, காலை எட்டு மணிக்கே வெயில் வெளுத்துவிடுகிறது. நல்ல வெளிச்சம் உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

சூரியன் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயர ஏறத்தாழ முக்கால் மணி நேரமே ஆகிறது. ஜூன் மாதத்தில் ஆறு மணியையொட்டி உதயம் என்பதால், ஏழு மணிக்குள் மென்மையான வெளிச்சம் போய்விடும். ஐந்தரை மணிக்கு இடத்தில் நிற்காதவர் பிறகு விரைந்து பயனில்லை.

ஆனால் பகல் முழுவதும் கேமராவை மூடி வைக்க வேண்டியதில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நம் தென்கோடியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலாக இல்லாமல் சற்றே வடக்கில் நிற்கிறது. ஜூனில் உதயம் முதல் அஸ்தமனம் வரை அது வடபக்கமாகவே செல்வதால், தெற்குப் பார்த்த வீட்டின் திண்ணை நாள் முழுவதும் நிழலில் இருக்கும். எதிரே வெயில் விழும் மண்தரை அந்த நிழலுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பெட்டி முடைபவரையோ பீடி சுற்றுபவரையோ முகம் தெளிய எடுக்க இதைவிட நல்ல வெளிச்சத்தை நான் அறியேன். ஊருக்குள் நுழைந்ததும் தெற்குப் பார்த்த திண்ணைகள் எவை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேரிக்காட்டின், அதாவது செம்மணல் மேடுகளின், சிவப்பு என் படங்களில் வெளிறிய காவியாக வருகிறது. ஏன்?

மணல் துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பைத் தருகிறது. சட்டகம் முழுவதும் சிவப்பாக இருந்தால், கேமராவின் தானியங்கி நிறச் சமன் (வைட் பேலன்ஸ்) அதைப் பிழையென்று கருதிக் குறைத்துவிடும். நிறச் சமனைப் ‘பகல் வெளிச்சம்’ என்ற நிலையில் நிறுத்திவிடுங்கள்.

இந்த மாதங்களில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) பலமாக வீசும். பகலில் காற்று எழுந்தால் மணல் நகரத் தொடங்கும். அங்கே லென்ஸைக் கழற்றி மாற்றவே கூடாது. மணல் படிந்த கண்ணாடியை ஊதுபந்தால் ஊதிய பிறகே துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கீறல் விழும். இரவுக் காற்று வரைந்த வரிகள் காலையில் கலையாமல் இருக்கும். அவற்றின் நடுவே நடந்துவிட்டால் உங்கள் தடங்களே படத்தில் நிற்கும் என்பதால், எங்கே நின்று எடுப்பது என்பதை ஓரத்திலிருந்தே தீர்மானியுங்கள். வெற்று மணல் சலித்துவிட்டால் குடை விரித்து நிற்கும் உடைமரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பனையேறுபவரை எடுக்க விரும்புகிறேன். எந்த நேரத்தில் போவது, எந்த லென்ஸ் வேண்டும்?

விடியற்காலையில் போங்கள், ஆனால் முதல் நாளே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பதநீர்க் காலம் ஆனியோடு ஓயத் தொடங்குவதால், மிச்சமிருக்கும் மரங்களை அவர் எந்த வரிசையில் ஏறுகிறார் என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும். மரத்தின் உச்சியில் பாளை சீவுவதை எடுக்க 200 மி.மீ. அளவிலான லென்ஸும், நொடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமும் போதுமானவை. ஏறும்போதும் இறங்கும்போதும் அவரைக் கூப்பிடக் கூடாது. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அறுபதடி உயரத்தில் ஒரு கண நேரக் கவனச் சிதறலும் உயிருக்கு ஆபத்து.

செவ்வானத்துக்கு எதிரே கருநிழலாக மரமேறும் உருவத்தைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். அது அழகானதே, ஆயினும் அதில் அந்த மனிதரின் முகமும் இல்லை, தொழிலின் நுணுக்கமும் இல்லை. இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டி, காலில் பூட்டிய தளைநார், உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சுண்ணாம்பு இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதை அறிந்தவர், கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவும் விரல்களைப் படமெடுக்கத் தவற மாட்டார்.

அதன் பிறகு விடிலிக்குப் போங்கள். கோடைப் படங்களில் நான் மிக உயர்வாக மதிப்பவை கருப்பட்டி காய்ச்சும் அந்த ஓலைக் குடிசைக்குள் எடுக்கப்பட்டவையே. ஓலை இடுக்குகள் வழியே வெயில் கீற்றுக் கீற்றாகப் புகைக்குள் இறங்கும். அந்தக் கீற்றுகள் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் வரும் திசையை ஓரளவு நோக்கியபடி நில்லுங்கள். ஃபிளாஷ் அடித்தால் புகை மட்டுமே வெள்ளையாகத் தெரியும். ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 1600, நொடியில் 60இல் ஒரு பங்கு, 35 மி.மீ. லென்ஸ் என்று தொடங்கிப் பாருங்கள். காய்ச்சுவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால் பேசவும் காத்திருக்கவும் நேரம் உண்டு. பதம் வந்துவிட்டாலோ, இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றும் வேலை மிக விரைவாக நடக்கும். அந்த நேரத்தில் குறுக்கே நிற்காமலும் எதையும் கேட்காமலும் இருக்க வேண்டும். காய்ச்சுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பனைத்தொழிலைப் பற்றிய படத்தொகுப்பில் அவர்கள் இல்லையென்றால் அது பாதித் தொகுப்பு என்றே கொள்வேன்.

கேள்வி: தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படங்களில் உப்பு சாம்பல் நிறமாகவும் தொழிலாளர் முகம் கறுத்தும் இருக்கிறது.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று எண்ணிக் கணக்கிடுவதால், வெள்ளை உப்பையும் சாம்பலாக்கிவிடுகிறது. ஒளி அளவை ஒரு படி, அதாவது இருமடங்காக, கூட்டுங்கள். உப்பின் மிக வெண்மையான பகுதியில் விவரம் அழியாமல் இருக்கிறதா என்பதை, கேமரா திரையில் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் பாருங்கள். முகத்துக்கு வழி, நேரத்தைத் தேர்வதில்தான் இருக்கிறது. கடும் வெயிலுக்கு முன் முடிக்க வேண்டி விடியற்காலையிலேயே அங்கே வேலை தொடங்கிவிடும். சூரியன் தாழ்வாக இருக்கும் அந்த நேரத்தில், தலைத்துண்டின் நிழலில் உள்ள முகத்துக்குப் பாத்தியின் வெண்மையே கீழிருந்து வெளிச்சம் தரும்.

செல்பேசியில் எடுப்பவர்கள் முகத்தை மெருகேற்றும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். அது தோலை வெளுப்பாக்கி, வியர்வையையும் வெயிலேறிய சுருக்கங்களையும் அழித்துவிடுகிறது. வெயிலில் உழைப்பவரின் நிறத்தை மாற்றிக் காட்டுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: படமெடுக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

வேலையை நிறுத்தி உங்களுக்காக நிற்க வைத்தால் அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பது நியாயம். மற்றபடி கருப்பட்டியோ நுங்கோ அவர்கள் கேட்கும் விலைக்கு வாங்குங்கள். படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ‘வேண்டாம்மா, எடுக்காதீங்க’ என்று ஒருவர் சொன்னால் தொலைவிலிருந்தும் எடுக்கக் கூடாது. குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது.

கேள்வி: இந்தப் பருவத்தில் பறவைகளை எடுக்க முடியுமா?

முடியும். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் கோடைக் கடைசிவரை குஞ்சுகளுக்கு இரையூட்டிக்கொண்டிருக்கும். ஊர் மரங்களிலேயே கூடுகள் இருப்பதால் தெருவில் நின்றே எடுக்கலாம். அவ்வூர் மக்கள் தலைமுறைகளாக அப்பறவைகளைக் காத்து வருபவர்கள். அவர்கள் நிற்கச் சொல்லும் இடத்தில் நில்லுங்கள்.

தூக்கணாங்குருவியில் கூடு முடைவது ஆண். பாதி முடைந்த கூட்டைப் பெண் குருவி பார்த்து ஏற்ற பிறகே நுழைவுக் குழல் நீளும் என்பதால், பாதிக் கூடுகள் தொங்கும் பனையின் அடியில்தான் அதிக நிகழ்வுகள் கிடைக்கும். மறைக்கிறது என்று ஓலையை வெட்டக் கூடாது. கூட்டருகே டிரோனைப் பறக்கவிடவும் கூடாது.

கேள்வி: செல்பேசி மட்டும் போதுமா?

திண்ணைக்கும் விடிலிக்கும் போதும். பறவைக்கும் பனை உச்சிக்கும் போதாது.

கேள்வி: ஆனிச் சாரல் தொடங்கியதும் என்ன செய்வது?

தென்காசியில் சாரல் விழும்போதும் தூத்துக்குடிப் பக்கம் காய்ந்தே கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை, மேல்காற்று கொண்டுவரும் மழையைத் தடுத்துவிடுகிறது. ஒரே நாளில் இரு பருவங்களையும் எடுக்கலாம் என்பதால் இந்த வாரங்களை வீணாக்காதீர்கள். மாலையில் மலைக்குக் கிழக்கே, தண்ணீர் மிஞ்சியுள்ள ஒரு குளக்கரையில் மேற்கு நோக்கி நின்றால், மலைமேல் கவிந்த மேகத்தின் விளிம்பில் வெயில் படுவதைக் காணலாம். மேகத்துக்கு ஒளி அளவை வைத்துக்கொண்டு, கரையோரமாக ஆடுகள் திரும்பும்வரை காத்திருங்கள். சாரலுக்குள் போவதானால் லென்ஸ் மறைப்பும் (ஹூட்) இரண்டு உலர்ந்த பருத்தித் துணிகளும் பையில் இருக்கட்டும்.