கையைத் தூக்கியவரும் கையை விரித்தவரும்

கேள்வி: நகரசபையின் புதிய மதிப்பீட்டில் என் வீட்டின் விலையை 8 லட்சம் ராண்டிலிருந்து 12 லட்சமாக்கிவிட்டார்கள். நான் ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை. ஜூலை பில்லில் ரேட்ஸும் (சொத்து வரி) ஏறியிருக்கிறது. கவுன்சிலரிடம் போய்ச் சத்தம் போட்டேன், கையை விரித்துவிட்டார். போதாததற்கு எங்கள் கோவிலுக்கும் பில் வந்திருக்கிறது. இது பகற்கொள்ளை இல்லையா?
(ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், நேட்டால் வடகரை, தென்னாப்பிரிக்கா)

பதில்: கொள்ளையா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில், நீங்கள் போன நாள் சரியில்லை ஐயா. பந்தலைப் பிரிக்கும்போது போய்ப் பெண் பிடிக்கவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்? நகரசபைக்கு ஆண்டு பிறப்பது ஜூலை 1. அதற்கு 90 நாள் முன்பே பட்ஜெட் வரைவைச் சபையில் வைத்து, மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதிச் சட்டம். ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் அந்தக் கூட்டங்களில் ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன். ஆட்களைவிட நாற்காலிகள்தான் அதிகம்.

உங்கள் கவுன்சிலரையும் சும்மா விடாதீர்கள். பட்ஜெட்டை நிறைவேற்றுவதையும் ரேட்ஸ் விதிப்பதையும் அதிகாரிகள் தலையில் கட்ட நம் அரசியல் சாசனம் சபைக்கு இடம் தரவில்லை. கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டாக வேண்டும். அன்றைக்குக் கையைத் தூக்கிவிட்டு இன்றைக்குக் கையை விரிக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள்.

இனி கணக்கு. வீட்டு விலை என்பது வரி அல்ல. சபை முதலில் தெருவிளக்கு, சாலை, நூலகம், சம்பளம் என்று செலவைப் போடுகிறது. அதில் மின்கட்டணம், அரசு மானியம் முதலியவற்றில் வரும் பணம் போக மிச்சத்தை வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள் மீது பங்கு பிரிக்கிறது. அந்தப் பங்குதான் வீட்டு விலையில் 'ராண்டுக்கு இத்தனை சென்ட்'. ஒரு பேச்சுக்கு அதை 1 சென்ட், அதாவது ராண்டில் நூறில் ஒரு பங்கு, என்று வையுங்கள். வீட்டு விலையில் முதல் 15,000 ராண்டுக்குச் சட்டப்படி வரி இல்லை. ஆக, பழைய விலைக்கு ஆண்டுக்கு 7,850 ராண்ட். ஊரில் எல்லா வீடும் உங்கள் வீட்டைப் போலவே ஒன்றரை மடங்காகி, சபையின் செலவு மாறாமல் இருந்தால், சென்ட் மூன்றில் இரண்டு பங்காகக் குறைய வேண்டும். அப்போது புதிய விலைக்கும் ஏறக்குறைய 7,900 ராண்ட்தான். சென்ட்டை அப்படியே வைத்திருந்தால் 11,850.

எனவே பழைய ஆண்டின் சென்ட்டையும் புதியதையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சென்ட் இறங்கவே இல்லை என்றால் விலையேற்றத்தின் மறைவில் வரியை ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் வார்த்தையை நானும் சொல்வேன். சென்ட் நன்றாக இறங்கியும் உங்கள் பில் ஏறியிருந்தால் சங்கதி வேறு. ஊர் சராசரியைவிட உங்கள் தெருவின் விலை அதிகம் ஏறியிருக்கும். கடற்கரைப் பக்கம் வேலி போட்ட பங்களாக்கள் எவ்வளவு ஏறின என்று பட்டியலில் பாருங்கள். மதிப்பீட்டுப் பட்டியல் யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். அவை குறைவாகவும் உங்கள் பழைய இரண்டு அறை வீடு அதிகமாகவும் ஏறியிருந்தால், அவர்கள் சுமையில் கொஞ்சம் உங்கள் தோளுக்கு வந்திருக்கிறது.

விலை தப்பு என்றால் ஆட்சேபம் எழுதலாம். பட்டியல் வெளியானதும் குறைந்தது 30 நாள் தவணை உண்டு. பட்டியலே மோசம் என்று எழுதினால் செல்லாது, உங்கள் வீட்டைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். பக்கத்து வீடுகள் உண்மையில் எந்த விலைக்குக் கைமாறின என்று காட்டினால் பேச்சு எடுபடும். ஆட்சேபம் போட்டிருக்கிறேன் என்று பில்லைக் கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பாக்கி நின்றால் நாளைக்கு வீட்டை விற்கும்போது நகரசபையின் சான்று கிடைக்காது, பத்திரம் மாறாது. நீங்கள் பென்ஷன்காரராக இருந்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் விண்ணப்பித்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

அடுத்த ஏப்ரலில் கூட்டத்துக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன ஆண்டு போட்ட பில்லில் எத்தனை ராண்ட் உண்மையில் கைக்கு வந்தது? நிஜமாக வரக்கூடிய வருமானத்தை வைத்தே பட்ஜெட் போட வேண்டும் என்பது சட்டம். வராத பணத்தை வந்ததாக எழுதிவிட்டுப் பிறகு ஒழுங்காகக் கட்டுகிறவர் பக்கம் திரும்பும் பழக்கத்தை இந்த ஒரு கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

கோவில் விஷயம் வேறு. வழிபாட்டு இடத்துக்கு ரேட்ஸ் கிடையாது, பூசை செய்பவர் குடியிருக்கும் வீட்டுக்கும் கிடையாது. ஆனால் பொதுவாக இரண்டுமே அந்தச் சமயச் சமூகத்தின் பெயரிலோ, அதன் நன்மைக்காக மட்டுமே அமைந்த டிரஸ்டின் பெயரிலோ பதிவாகியிருக்க வேண்டும். கரும்புத் தோட்டத்து நிலத்தில் நம் முன்னோர் எழுப்பிய கோவில்கள் எத்தனையோ. உங்கள் கோவில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது? கோவில் சபையின் பெயரோ அப்படிப்பட்ட டிரஸ்டின் பெயரோ இருந்தால் நகலோடு போய் பில்லை ரத்துசெய்யச் சொல்லுங்கள். தோட்டக் கம்பெனியின் பெயரோ, என்றைக்கோ காலமான தர்மகர்த்தாவின் பெயரோ இருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.